வாஷிங்டனில் ஒரு பழைய நூலகம்

செல்போன் கண்ணாடி உடைந்ததில் தொடங்கியது இந்தக் கதை. பேரன் விளையாட்டாக என் மருமகளின் போனைக் கீழே போட்டுவிட்டான். சனிக்கிழமை காலை அதைச் சரிசெய்ய வாஷிங்டன் நகருக்குள் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்று மகன் கூப்பிட்டான். மேரிலாந்தில் அவன் வீடு. கிரீன்பெல்ட் நிலையத்தில் ஏறினால் பச்சைத் தட மெட்ரோ நேரே நகருக்குள் கொண்டுபோய் விடும். வெள்ளை மாளிகை, லிங்கன் நினைவகம், விண்வெளி அருங்காட்சியகம் எல்லாம் முந்தைய பயணத்திலேயே பார்த்தாகிவிட்டது. சும்மா வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு ஒரு நடை போய் வரலாமே என்று கிளம்பினேன்.

மவுன்ட் வெர்னன் சதுக்கம் என்ற நிறுத்தத்தில் இறங்கி மேலே வந்தால், சாலைகளுக்கு நடுவே ஒரு பெரிய வெள்ளைப் பளிங்குக் கட்டடம். நீண்ட முகப்பு, உயரமான வளைவுச் சன்னல்கள், நடுவில் அகலமான படிகள். "இதுவா செல்போன் கடை?" என்றேன். "கடைதான் அப்பா. ஆனா முன்னாடி இது லைப்ரரி. மாடியில மியூசியம் இருக்கு" என்றான் மகன்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் நூலகராக வேலை பார்த்தவனிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். போன் தயாராக இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். மகனும் மருமகளும் பேரனோடு கடைக்குள் இருந்துகொண்டார்கள். நான் மாடிக்குப் போனேன். அன்று பார்த்ததையும், பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும், அதனால் எனக்கு நினைவு வந்த ஒரு பழைய கணக்கையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சந்தை இருந்த இடம்

இந்தச் சதுக்கத்துக்கு நூலகத்தைவிட வயது அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஒரு பெரிய சந்தை இருந்தது. நார்தர்ன் லிபர்ட்டி மார்க்கெட் என்று பெயர். இறைச்சி, காய்கறி, கோழி எல்லாம் விற்கிற நகரத்துச் சந்தை. 1857 ஜூன் 1ஆம் தேதி நகராட்சித் தேர்தல் நடந்தபோது இங்கே பெரிய கலவரம். குடியேறிவந்தவர்களை வாக்களிக்க விடக்கூடாது என்று பக்கத்து ஊரான பால்டிமோரிலிருந்து அடியாட்கள் வந்து இறங்கினார்கள். ஜனாதிபதி புக்கானன் கடற்படை வீரர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. துப்பாக்கிச்சூட்டில் பலர் செத்தார்கள்.

அதற்குப் பிறகு 1872இல் இன்னொரு சம்பவம். அலெக்சாண்டர் ஷெப்பர்டு என்பவர் நகரத்தின் பொதுப்பணிகளைக் கையில் வைத்திருந்தார். சாலை, சாக்கடை, தெருவிளக்கு என்று வாஷிங்டனை நவீன நகரமாக்கியவர் அவர்தான் என்பார்கள். நகரத்தைக் கடனில் மூழ்கடித்தவரும் அவரே. சந்தை அசிங்கமாக இருக்கிறது என்று முடிவு செய்து, வியாபாரிகள் எதிர்ப்பார்கள் என்பதால் இரவோடு இரவாக இடிக்க ஆள் அனுப்பினார். அந்த இடிப்பில் ஒரு கசாப்புக் கடைக்காரரும் ஒரு சிறுவனும் இறந்துபோனார்கள். ஆக்கிரமிப்பு அகற்றம் என்று நம் ஊரில் பார்க்கிற அதே காட்சி. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் அங்கேயும் நடந்திருக்கிறது.

சந்தை போனபின் கொஞ்ச காலம் பூங்காவாகக் கிடந்த இந்த இடத்தில்தான் நூலகம் எழும்பியது.

கார்னகி கொடுத்த பணம்

தலைநகரத்தில் காங்கிரஸ் நூலகம் என்ற மாபெரும் நூலகம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் சாமானியர் ஒருவர் அங்கிருந்து நாவல் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. நகர மக்களுக்கென்று இலவசப் பொதுநூலகம் வேண்டும் என்று ஈவினிங் ஸ்டார் பத்திரிகையின் தியோடர் நோய்ஸ் போன்றவர்கள் விடாமல் கேட்டார்கள். 1896இல் அதற்குச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததே தவிர, கட்டடத்துக்குப் பணம் வரவில்லை.

1899இல் நூலகக் குழுவைச் சேர்ந்த வார்னர் என்பவர் வெள்ளை மாளிகைக்குப் போயிருந்தபோது தற்செயலாக ஆண்ட்ரூ கார்னகியைச் சந்தித்தார். நூலகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கார்னகி 250,000 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டார். பிறகு தொகையைக் கூட்டியும் கொடுத்தார். நியூயார்க்கைச் சேர்ந்த ஆக்கர்மேன், ராஸ் என்ற இருவர் கட்டட வரைபடம் போட்டார்கள். 1903 ஜனவரி 7ஆம் தேதி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் விழாவுக்கு வந்தார். கார்னகியும் வந்திருந்தார்.

கார்னகியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். நூலக அறிவியல் படித்த எல்லோரும் அவர் பெயரைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருப்போம். ஸ்காட்லாந்தில் டன்ஃபர்ம்லின் என்ற ஊரில் 1835இல் பிறந்தவர். அப்பா கைத்தறி நெசவாளர். யந்திரத் தறி வந்ததும் பிழைப்புப் போயிற்று. 1848இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. பஞ்சாலையில் வாரம் 1 டாலர் 20 சென்ட் கூலிக்குப் பையன் வேலைக்குப் போனான். பிறகு தந்தி கொண்டுபோகிற பையன். அந்த ஊரில் ஆண்டர்சன் என்றொரு கர்னல், தன் சொந்தப் புத்தகங்களை உழைக்கிற பையன்களுக்குச் சனிக்கிழமைதோறும் இரவல் கொடுத்துவந்தார். அந்தப் புத்தகங்கள்தான் தன்னை மனிதனாக்கின என்று கார்னகி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எஃகுத் தொழிலில் சம்பாதித்த பணத்தில் உலகம் முழுவதும் 2,500க்கு மேற்பட்ட நூலகங்கள் கட்டிக்கொடுத்தார். அதில் 1,679 அமெரிக்காவில்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1892இல் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் என்ற ஊரில் அவருடைய எஃகு ஆலையில் தொழிலாளர் போராட்டம் நடந்தது. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். ஆலையை நடத்திய ஃப்ரிக் என்பவர் பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் கும்பலிலிருந்து முந்நூறு பேரைப் படகில் வரவழைத்தார். ஜூலை 6ஆம் தேதி நடந்த சண்டையில் இரண்டு பக்கமும் ஆட்கள் இறந்தார்கள். சங்கம் உடைந்தது. ஆறு வருஷம் கழித்து அதே ஹோம்ஸ்டெட்டில் கார்னகி ஒரு நூலகம் கட்டினார். பன்னிரண்டு மணி நேரம் உலையில் வேகிறவன் எப்போது புத்தகம் படிப்பது என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கொடுத்த கையையும் பறித்த கையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றுதான் இந்த வயதில் எனக்குத் தோன்றுகிறது.

கார்னகி எந்த ஊருக்கும் கட்டடத்துக்கு மட்டும்தான் பணம் கொடுப்பார். இடத்தை ஊர் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரே நடத்துவதற்கு ஒதுக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். நம் தமிழ்நாட்டிலும் ரங்கநாதன் எழுதிய வரைவின் வழியில், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948இல் வந்த நூலகச் சட்டத்தின்படி சொத்துவரியோடு நூலக வரி சேர்த்து வசூலிக்கிறார்கள். இன்றைக்கு அது ரூபாய்க்குப் பத்துப் பைசா. அதுவும் பத்தில் ஒரு பங்குதான்! இரண்டுக்கும் நேரடி சம்பந்தம் ஏதும் இல்லை. ஆனால் ஒரு நூலகம் பெரிய மனிதரின் தயவில் பிறக்கலாம், ஊரார் வரியில்தான் உயிர்வாழும் என்ற நினைப்பு இரண்டு இடத்திலும் ஒன்றே. முப்பத்து மூன்று வருஷம் நான் வாங்கிய சம்பளத்திலும் யாரோ ஒருவர் வீட்டு வரியின் பத்துப் பைசா இருந்திருக்கும்.

எல்லோருக்கும் திறந்த கதவு

கட்டடத்தில் கல்லில் சில வாசகங்கள் பொறித்திருக்கிறார்கள். மக்களின் பல்கலைக்கழகம் என்ற பொருளில் ஒன்று. அறிவைப் பரப்புவதற்காக அர்ப்பணிக்கப்பட்டது என்று இன்னொன்று. இந்த மாதிரி வாசகங்கள் எல்லா ஊரிலும் இருக்கும். அதை எவ்வளவு தூரம் கடைப்பிடித்தார்கள் என்பதில்தான் விஷயம்.

வாஷிங்டன் அப்போது நிறபேதம் பார்த்த நகரம். பள்ளிக்கூடங்கள் தனித்தனி. உணவகங்களில் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. அப்படிப்பட்ட ஊரில் இந்த நூலகம் திறந்த நாளிலிருந்து எல்லா நிறத்தாருக்கும் திறந்தே இருந்தது. ஒரே வாசல், ஒரே மேசை. இதன் அருமை தெரிய வேண்டுமானால் அட்லாண்டா நகரத்தைப் பார்க்க வேண்டும். அங்கேயும் 1902இல் கார்னகி பணத்தில்தான் நூலகம் திறந்தார்கள். கறுப்பின மக்களுக்கு அனுமதி இல்லை. டு பாய்ஸ் என்ற பெரிய அறிஞர், பேராசிரியர், தானே நேரில் போய் நியாயம் கேட்டும் கதவு திறக்கவில்லை. ஒரே கொடையாளி, ஏறக்குறைய ஒரே காலம். இரண்டு ஊர் இரண்டு விதமாக நடந்திருக்கின்றன. கட்டடமும் வாசகமும் தானாக எதையும் செய்துவிடுவதில்லை. உள்ளே இருக்கிறவர்கள் என்ன முடிவு எடுக்கிறார்கள் என்பதே முக்கியம்.

நகரம் வளர வளர இந்தக் கட்டடம் போதவில்லை. 1972இல் சற்றுத் தள்ளி மார்ட்டின் லூதர் கிங் பெயரில் புதிய மத்திய நூலகம் திறந்தார்கள். மீஸ் வான் டெர் ரோ என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. புத்தகங்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. அதற்கு நான்கு வருஷம் முன்னால், 1968 ஏப்ரலில் கிங் கொல்லப்பட்டபோது மூண்ட கலவரத்தில் பக்கத்து ஏழாம் தெரு எரிந்திருந்தது. கடைகள் போய், ஆட்கள் போய், சதுக்கம் களையிழந்துபோனது. பழைய கட்டடம் சில ஆண்டுகள் காலியாகக் கிடந்து, பிறகு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கைக்குப் போனது.

பதினெட்டு மாத அருங்காட்சியகம்

வாஷிங்டனில் 1894இலேயே ஊர் வரலாற்றைச் சேர்த்துவைக்க ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். கொலம்பியா வரலாற்றுச் சங்கம் என்பது அப்போதைய பெயர். பீர் தயாரித்துச் செல்வந்தரான கிறிஸ்டியன் ஹியூரிக் என்பவரின் மாளிகையில் பல ஆண்டுகள் இயங்கியது. வரைபடங்கள், புகைப்படங்கள், கடிதங்கள், பழைய முகவரிப் புத்தகங்கள் என்று சேர்ந்துகொண்டே போயின.

இந்தச் சங்கத்துக்குப் பழைய நூலகக் கட்டடம் கிடைத்தது. பெரும் செலவில் புதுப்பித்து, 2003 மே மாதம் நகர அருங்காட்சியகம் என்று திறந்தார்கள். வெளியூர்க்காரர்கள் பார்க்கும் தலைநகரம் வேறு, உள்ளே வாழும் ஊர் வேறு என்பதைக் காட்டுவது நோக்கம். இது முக்கியமான விஷயம். வாஷிங்டனில் ஏழு லட்சம் பேர் அளவில் வாழ்கிறார்கள். வயோமிங், வெர்மான்ட் மாநிலங்களைவிட அதிகம். ஆனாலும் அந்த மக்களுக்கு நாடாளுமன்றத்தில் வாக்குரிமை உள்ள பிரதிநிதி கிடையாது. ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமையே 1961இல்தான் அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் வந்தது. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி என்று கார் நம்பர் பலகையிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்கும் ஒரு ஊர் உண்டு, ஒரு கதை உண்டு என்று அவர்கள் சொல்ல நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

எதிரிலேயே மிகப் பெரிய மாநாட்டு மையமும் அதே ஆண்டு திறந்தது. அங்கே வரும் கூட்டம் இங்கேயும் எட்டிப்பார்க்கும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்குத் தப்பிவிட்டது. எதிர்பார்த்ததில் ஒரு சிறு பகுதி ஆட்கள்தான் வந்தார்கள். சிறிது தூரத்தில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் எல்லாம் இலவசம்; இங்கே கட்டணம். சுற்றுலா வந்தவர் விண்வெளிக் கப்பலைப் பார்ப்பாரா, எட்டாம் தெருவின் கதையைப் பார்ப்பாரா? 2004 நவம்பரில், ஒன்றரை வருஷத்தில் அருங்காட்சியகம் மூடப்பட்டது.

அதற்குப் பிறகு கட்டடத்துக்குப் பல யோசனைகள் வந்தன. உளவாளிகள் அருங்காட்சியகம் ஒன்று இங்கே வரப் பார்த்தது, நடக்கவில்லை. கடைசியில் ஆப்பிள் நிறுவனம் குத்தகைக்கு எடுத்தது. ஃபாஸ்டர் என்ற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞரின் நிறுவனம் பழைய படிக்கட்டுகளையும் சுவர் வேலைப்பாடுகளையும் பழையபடி செப்பனிட்டுக் கொடுத்தது. வேலை நடந்தபோது வரலாற்றுச் சங்கம் தற்காலிகமாக நியூசியம் என்ற பத்திரிகை அருங்காட்சியகத்தில் ஒண்டிக்கொண்டது. 2019 மே 11ஆம் தேதி கீழே கடை திறந்தது. மாடியில் டி.சி. வரலாற்று மையம் என்ற புதுப்பெயரோடு சங்கம் திரும்ப வந்தது. இடம் கொடுத்த நியூசியமோ அந்த வருஷக் கடைசி நாளன்று மூடப்பட்டுவிட்டது. அருங்காட்சியகங்களின் ஆயுள் அவ்வளவுதான்!

நூலகத்தைக் கடையாக்கலாமா என்று அந்த ஊரில் விவாதம் நடந்திருக்கிறது. நானும் முகம் சுளித்துக்கொண்டுதான் உள்ளே போனேன். ஆனால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். காசு கேட்காமல் யார் வேண்டுமானாலும் உள்ளே வருகிறார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இடிந்து விழாமல் கட்டடம் நிற்கிறது. நூலகத்தின் பாதி குணம் அதில் இருக்கிறது. மீதிப் பாதி, அதாவது எதையும் வாங்கச் சொல்லாமல் மனிதனை உட்கார வைப்பது, மாடியில்தான் இருக்கிறது.

வைமர் எடுத்த படங்கள்

சங்கத்தின் சேகரிப்பில் என்னைக் கட்டிப்போட்டது ஜான் வைமர் என்பவரின் புகைப்படங்கள். அவர் தொழில்முறைப் புகைப்படக்காரர் அல்லர். 1948 முதல் 1952 வரை ஓய்வு நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வாஷிங்டன் முழுவதும் நடந்தார். நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு ஒன்றையும் விடாமல் எடுத்தார். ஏறக்குறைய 4,000 படங்கள். எதுவும் பிரமாதமான காட்சி இல்லை. மளிகைக் கடை, திண்ணை, மூலைவீடு, பள்ளிக்கூடச் சுவர், தெருவில் நிற்கும் கார். நாம் கேமராவை எடுக்கவே நினைக்காத இடங்கள்.

அவர் எடுத்துமுடித்த சில ஆண்டுகளில், நகரத்தின் தென்மேற்குப் பகுதியைச் சேரி ஒழிப்பு என்ற பெயரில் கிட்டத்தட்ட முழுவதுமாக இடித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1954இல் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 20,000க்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். பெரும்பாலும் கறுப்பின ஏழைகள். அந்தத் தெருக்கள் இன்று இல்லை. அந்த மனிதர் சும்மா நடந்து எடுத்த படங்களில் இருக்கின்றன. தன் பாட்டி வாழ்ந்த வீட்டைத் தேடிவரும் பேத்திக்குக் காட்ட ஒரு காகிதமாவது இருக்கிறது.

இதில் நான் கவனித்தது ஒன்று. 2004இல் மூடியது காட்சிக்கூடம் மட்டும்தான். சேகரிப்பை யாரும் குப்பையில் போடவில்லை. கண்ணாடிப் பெட்டியும் விளக்கும் பெரிய திரையும் தோற்றன. அட்டைப்பெட்டியில் எண் போட்டு அடுக்கிவைத்த காகிதம் தோற்கவில்லை. பார்க்க ஆள் வராத காலத்திலும் அது காத்திருந்தது.

மாடியிலிருந்த பெண்மணி ஒருவர், ஏதாவது தேடுகிறீர்களா என்று கேட்டார். நான் இந்தியாவில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியானால் உங்கள் நூலகத்திலும் ஊர் சம்பந்தமான சேகரிப்பு இருக்குமே?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது பொய்.

ஒரு எடைச்சீட்டு

தொண்ணூறுகளில் நான் ஒரு சிறிய ஊரின் கிளை நூலகத்தில் இருந்தேன். வாடகைக் கட்டடம். உரிமையாளர் வீட்டைத் திருப்பிக் கேட்டார். கிடைத்த புது இடம் பழையதில் பாதிகூட இல்லை. இரண்டு நாளில் மாற்ற வேண்டும்.

எனக்கு முன்பு அங்கே இருந்த நூலகர் ஒரு தனிப்பிறவி. ஒரு மர அலமாரி முழுக்க ஊர் சம்பந்தப்பட்ட காகிதங்களைச் சேர்த்துவைத்திருந்தார். நாடக நோட்டீஸ்கள், டூரிங் டாக்கீஸ் நோட்டீஸ்கள், கோயில் திருவிழாப் பத்திரிகைகள், பள்ளி ஆண்டு மலர்கள், கூட்டுறவுச் சங்க அறிக்கைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் இளைஞர்கள் ஐம்பதுகளில் நடத்திய ஒரு கையெழுத்துப் பத்திரிகையின் ஏழெட்டு இதழ்கள். நீல மையும் சிவப்பு மையுமாகப் படம் போட்டு, முத்து முத்தாக எழுதியிருந்தார்கள்.

புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் எண் உண்டு. ஒன்று குறைந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தக் காகிதங்களுக்கு எண் இல்லை. எண் இல்லாததற்குக் கணக்கும் இல்லை. பழைய செய்தித்தாள்களை எடைக்குப் போட வண்டி வந்து நின்றது. இருட்டிக்கொண்டு வந்தது. அலமாரியை வைக்கப் புது இடத்தில் சுவர் இல்லை. "இதையும் ஏத்திடவா சார்?" என்று பையன் கேட்டான். ஒரு நிமிஷம் யோசித்தேன். "ஏத்துப்பா" என்றேன். எடைச்சீட்டில் கையெழுத்துப் போட்டேன். செய்தித்தாளோடு சேர்த்து எடை போட்டதால், அந்த அலமாரி எத்தனை கிலோ இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது.

யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மேலிடத்து உத்தரவு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. வீட்டில் ஒரு பரண் இருந்தது. சைக்கிளில் நான்கு நடை அடித்திருந்தால் போதும்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து மதுரையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். ஆய்வுப் படிப்பு. அந்த ஊரில் நாடகக் குழு ஒன்று இருந்ததாமே, அதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா ஐயா என்று கேட்டாள். அவளுடைய தாத்தா அதில் பெண் வேஷம் கட்டியவராம். ஒன்றும் இல்லையம்மா என்றேன். இருந்தது, நான் போட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் நன்றி சொல்லிவிட்டு வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனாள். நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இத்தனை வருஷத்தில் இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. வாஷிங்டனில் அந்த மாடியில் நின்றபோது எல்லாம் திரும்ப வந்துவிட்டது. கறுப்பின மக்களுக்குக் கதவைத் திறந்துவைத்த நூலகரும் ஒரு சாதாரண நாளில் ஒரு சாதாரண முடிவைத்தான் எடுத்திருப்பார். நானும் அப்படி ஒரு சாதாரண நாளில்தான் எடுத்தேன்.

திரும்பி வந்தபின்

போன் தயாராகிவிட்டது என்று மகன் மாடிக்கு வந்து கூப்பிட்டான். "என்னப்பா, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். படியிறங்கும்போது பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, இங்கே இருந்த புத்தகம் எல்லாம் எங்கே போச்சு தாத்தா என்று கேட்டான். வேற வீட்டுக்குப் போயிருக்கு, நாளைக்குப் போய்ப் பார்ப்போம் என்றேன். மறுவாரம் கிங் நினைவு நூலகத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஊர் திரும்பியபின் ஒரு வேலை செய்தேன். அந்தப் பழைய ஊருக்குப் போய், எழுபது எண்பது வயதைத் தாண்டியவர்கள் ஆறு பேரைப் பார்த்தேன். நாடகக் குழுவில் இருந்தவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். காது மந்தம், ஞாபகம் தெளிவு. இரண்டு நோட்டுப் புத்தகம் எழுதியாகிவிட்டது. அவர் வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து மூன்று நாடக நோட்டீஸ்கள் கிடைத்தன. ஓரம் அரித்துப்போன மூன்று காகிதம். கையெழுத்துப் பத்திரிகையின் ஒரு இதழும் இதுவரை கிடைக்கவில்லை. கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பெரிதாக இல்லை. தொலைத்ததற்கு இது ஈடாகாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த மூன்றுக்கும் எண் போட்டிருக்கிறேன்: 1, 2, 3.

இதைப் படிக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பரணிலிருந்து பழைய காகிதக் கட்டு இறங்கும். கல்யாணப் பத்திரிகை, பள்ளி மலர், கடைத் திறப்பு நோட்டீஸ், யாரோ எடுத்த தெருப் புகைப்படம். எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். படங்களின் பின்னால் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். முடிந்தால் செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மதுரைப் பெண்ணுக்கு இப்போது ஐம்பது வயதாவது இருக்கும். எங்கே இருக்கிறாரோ தெரியாது. தற்செயலாக இதை அவர் படிக்க நேர்ந்தால்: அம்மா, அன்றைக்கு நான் சொன்னது பொய். உங்கள் தாத்தாவின் குழுவைப் பற்றிய காகிதங்கள் அந்த நூலகத்தில் இருந்தன. என்னால்தான் இல்லாமல் போயின. இப்போது மூன்று இருக்கின்றன. இரண்டாவது நோட்டீஸில் பெண் வேஷக்காரர் பெயர் அச்சாகியிருக்கிறது. வந்து பாருங்கள்.